சக்கரத்தில் சுற்றிவந்த தடம்

கீழே வரும் கதை, உப்பாற்றுக்குடிக்கு வெளியே பேருந்து நிற்கும் இடத்தில் மிதிவண்டிக் கடை வைத்திருக்கும் சகர்பான் பீவியிடம், 2009ஆம் ஆண்டு மாசி மாதத்து முற்பகல் ஒன்றில், அவர் ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமிழ்த்தி ஓட்டை தேடிக்கொண்டிருந்தபோது கேட்கப்பட்டது. தமக்கு இதைச் சொன்னவர் கதையில் வரும் செம்பாயியே என்றார். பின்னொரு முறை பீவியிடமே மறுபடி கேட்டபோது மிதிவண்டியின் நிறம் பச்சையிலிருந்து கறுப்பாக மாறியிருந்தது; மற்றபடி ஒரு சொல்லும் பிசகவில்லை. பிறர் சொல்லும் வேறுபாடுகள் இறுதியில் குறிக்கப்படுகின்றன.

உப்பாற்றுக்குடியில் ஐப்பசி கார்த்திகை மழை ஒவ்வோர் ஆண்டும் ஒரு வேலையைத் தவறாமல் செய்யும்: ஊருக்கும் வெள்ளைமேட்டுக்கும் நடுவே கடலோரமாகக் கிடக்கும் தடத்தை அங்கங்கே அறுத்துப்போட்டுவிட்டுப் போகும். வெள்ளைமேடு என்பது அவ்வூரார் தம்மவரைப் புதைக்கும் மணல்மேடு. அங்கே இருப்பவர்கள் பெரும்பொங்கலன்று ஊருக்கு வந்து, அவரவர் வீட்டில் தமக்கென்று போட்ட இலையில் உண்டுவிட்டுப் போவார்கள் என்பதும், உயிரோடு இருந்தபோது மிதித்துப் பழகிய தடத்தில் அன்றி வேறெதிலும் அவர்கள் கால்வைக்க மாட்டார்கள் என்பதும் அவ்வூரில் எல்லோரும் அறிந்தவை. ஆகவே மார்கழியில் வானம் வெளுத்த பிறகு ஒரு நாள் குறித்து, ஊர்ப் பெண்கள் விடியலில் புறப்பட்டு, அறுந்த தடத்தை வெள்ளைமேடு வரைக்கும் மிதித்து ஒட்டவைத்துவிட்டுத் திரும்புவார்கள். இதற்குத் தடமிதி என்று பெயர். அறிவொளி இயக்கக் காலத்தில் பெண்கள் மிதிவண்டி பழகிக்கொண்டபோது, சக்கரம் மிதித்தால் அது மிதித்ததில் சேருமா சேராதா என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு பகல் முழுதும் வாதாடி, இறுகிய ஈரமணலில் சக்கரம், பொருமணலில் கால் என்று முடிவுசெய்தார்கள். அதன்பின் தடமிதி பாதி ஓட்டமும் பாதி நடையுமாக நடந்துவந்தது.

கதை நடந்த ஆண்டில் எல்லோருக்கும் முன்னால் தன் பச்சை வண்டியை எடுத்தவள் தைலம்மை. அவள் கணவன் நாகரத்தினம் ஆடி மாதத்துக் காற்றில் படகு கவிழ்ந்து இறந்து, மூன்றாம் நாள் கரையொதுங்கி, வெள்ளைமேட்டில் புதைக்கப்பட்டிருந்தான். வரப்போவது அவனுக்கு முதல் பொங்கல். முதல் பொங்கலுக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டவர் மறு பொங்கலுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார் என்பது அவ்வூர் நம்பிக்கை. ஆகையால் தைலம்மைக்கு அந்த மார்கழியில் வேறு நினைப்பே இல்லை. உயிரோடு இருந்தபோதே பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய் வழி தவறி வருகிற மனிதன் அவன்.

புறப்பட்ட காலை நல்ல காலை. வாடை காதைக் கடித்தது. பெண்கள் ஆண்களுடைய துண்டுகளைத் தலையோடு சேர்த்து முகவாய்க்குக் கீழே முடிந்திருந்தார்கள். கடல் ஈயம் பூசினாற்போலக் கிடந்தது. வற்றத்தில் கடல் பின்வாங்கிய ஈரமணலில் சக்கரங்கள் சத்தமின்றி ஓட, உள்ளான் குருவிகள் கூட்டமாக முன்னால் ஓடி, நின்று திரும்பிப் பார்த்து, மறுபடி ஓடின. அடப்பங்கொடி படர்ந்த இடங்களில் இறங்கி நடந்தார்கள். உப்பாற்று முகத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியைத் தோளில் ஏற்றினார்கள். நாகரத்தினத்தின் தங்கை செம்பாயி நடு ஆற்றில் நின்று, “மதினி, வண்டி நம்மளச் சொமக்குதா, நாம வண்டியச் சொமக்குறமா?” என்று கேட்க, தண்ணீருக்குள் நின்றபடியே அத்தனை பேரும் சிரித்தார்கள். தைலம்மையும் சிரித்தாள். ஆடிக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆற்றைத் தாண்டிச் சவுக்குத் தோப்பின் முனை திரும்பியதும், போன ஆண்டு இல்லாத வேலி ஒன்று கடல்வரைக்கும் இறங்கி, தண்ணீருக்குள்ளும் சிறிது தூரம் போய் நின்றிருந்தது. வெளியூர்ப் பணக்காரர்களின் விடுதி ஒன்று தோப்புக்குள் வந்திருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். கரை அதனுடையதாகிவிட்டது என்று தெரியாது. வேலியருகே நின்ற காவலாளி பக்கத்துக் குப்பத்து ஆள். அவர்களைக் கண்டதும் தொப்பியைச் சரிசெய்வதுபோல முகத்தை மறைத்துக்கொண்டான்.

“யக்கா, இதுக்கு அங்கிட்டுப் போக முடியாது. தனியார் எடம்.”

“எது தனியார் எடம்? கடலா?” என்றாள் தைலம்மை.

“கடல் இல்லக்கா. கரை.”

“அப்ப எங்க ஆளுகள கடல்லயே பொதைச்சுக்கிறச் சொல்றியா?”

வேலிக்கு அந்தப் பக்கம், அதே தடத்தின் மேலே, கம்பளிக் குல்லாய் அணிந்த நாலைந்து பேர் பளபளக்கும் மிதிவண்டிகளில், ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். “அந்தா போறாகளே, அவுகளுக்கு மட்டும் எப்புடிய்யா வழி?” என்று செம்பாயி கேட்டாள்.

“அவுக விருந்தாளிக. போர்டப் படிங்கக்கா.”

தைலம்மை அறிவொளியில் கற்ற எழுத்தைக் கூட்டி உரக்கப் படித்தாள். குளிர்காலக் கடலோர உலா. மிதிவண்டியிலும் நடந்தும் ஒரு நாள். மீனவர்களின் பழம்பெரும் தடத்தில். விருந்தினருக்கு மட்டும்.

“மீனவர் தடமாம்,” என்றாள். “மீனவர் மட்டும் மிதிக்கக் கூடாதாம். கேட்டுக்கிட்டியளாடி?”

கத்திப் பார்த்தார்கள். கம்பியை உலுக்கிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து வெள்ளுடை ஆள் ஒருவன் வந்து, விருந்தினர் காலை உணவு உண்கிறார்கள், சத்தம் போடவேண்டாம் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டான். அந்தப் பணிவுதான் தைலம்மைக்குத் தாங்கவில்லை. அடித்து விரட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வண்டியைத் தூக்கி, பின்சக்கரம் மணலில் குழி பறிக்க ஓர் இறக்கு இறக்கித் திருப்பி, யாரையும் பார்க்காமல் ஊரை நோக்கி மிதிக்கத் தொடங்கினாள்.

வண்டி கனத்தது. கோபத்தில் மிதிப்பதால் கனக்கிறது என்று அவள் நினைத்தாள். சிறிது தூரம் போனதும் செம்பாயி பின்னாலிருந்து கத்தினாள்: “மதினி, எதையோ இழுத்துக்கிட்டு வர்றிய!”

தைலம்மை திரும்பிப் பார்த்தாள். தடம் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு, ஈரச்சேலை கல்லிலிருந்து உரிவதுபோல மண்ணிலிருந்து உரிந்து, சக்கரத்தில் சுற்றிக்கொண்டு வந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்துத் தடமும் கம்பிக்கு அடியில் நழுவி வந்துகொண்டிருந்தது. ஆட்டுப் புழுக்கையும் கிளிஞ்சலும் சவுக்கு முள்ளும் மேலே கிடந்தபடியே, எத்தனையோ காலத்துக் காலடிகள் கலையாமல், வெள்ளைமேட்டின் அடிவாரத்து வெள்ளை மணல் வரைக்கும் வந்து சுற்றிக்கொண்டது. அவள் ஊர் எல்லையை அடைந்தபோது பின்சக்கரம் நெல் குதிர் அளவுக்குப் பருத்திருந்தது. ஆற்றில் அதைத் தூக்கிக் கடத்த அத்தனை பெண்களும் கைகொடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது அவ்வூராரின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். மார்கழியில் வாசலுக்கு வந்த எதையும் பனியில் நிறுத்த மாட்டார்கள். கன்று வழிதப்பி வந்தாலும், கடன் கேட்டு வந்தவன் ஆனாலும், உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ச் சுடுதண்ணீர் கொடுத்த பிறகே பேச்சு. தடம் குளிரில் விறைத்திருந்தது. தொட்டவர் கை மரத்தது. அது ஏன் வந்தது, எப்படி வந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை; எங்கே படுக்கவைப்பது என்பதே கேள்வியாயிற்று. ஊர்த் தலைவரான நாட்டார் மாரிக்கண்ணு, “வெரட்டிவிட்ட எடத்துல எப்புடிக் கெடக்கும்? நம்ம புள்ளைக நடந்த தடம், நம்ம ஊட்டுக்கு வந்துருக்கு. விரிங்க,” என்றார். விரித்தார்கள். ஊரின் சந்துகளில் எல்லாம் வளைத்து வளைத்து, வலை உலர்த்தும் களத்தைச் சுற்றி, கோயிலுக்கு முன்னால் ஒரு மடிப்பு மடித்து, கடைசி முனையைத் தைலம்மையின் வாசலில் கொண்டுவந்து போட்டார்கள்.

ஊர் அதோடு வாழப் பழகிக்கொண்டது. தண்ணீர்க் குழாய்க்குப் போன பெண்கள் பத்தடி நடந்து வந்தாலும் சவுக்குத் தோப்பின் வாசத்தோடும், உப்பாற்றைத் தாண்டிய கால்வலியோடும் வந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தாமதத்துக்குப் புதிய காரணம் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். ஆசிரியரும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். தாழம்புதர்த் திருப்பம் யார் வீட்டுமுன் விழுந்ததோ அவர்கள் வீட்டில் பாம்பு வரும் என்று சண்டை மூண்டது; அந்தத் திருப்பத்தைப் பாதிப்பாதியாக இரண்டு வீட்டுக்குப் பிரித்துப் போட்டபின் அடங்கியது. மீன் கழுவிய நீரை அதன்மேல் ஊற்றக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. அதில் மிதிவண்டி ஓட்டலாம், ஆனால் மணி அடிக்கக்கூடாது. பாதிக் காலடிகள் செத்தவர்களுடையவை, திடுக்கிடுவார்கள். சீட்டாடுகிறவர்கள் வெயிலடிக்கும் பகுதியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். தைலம்மை காலையிலும் மாலையிலும் அதைக் கூட்டி, சாணத்தண்ணீர் தெளித்து, சில இடங்களில் குனிந்து உற்றுப் பார்த்தாள். நாகரத்தினத்துக்கு இடது கால் சற்று வெளிநோக்கிப் பதியும்.

ஒருநாள் உலை வைத்துக்கொண்டிருக்கும்போது செம்பாயி கேட்டாள்: “மதினி, தடம் இங்க கெடக்கு. சரி. அண்ணன் எதுல வரும்?”

தைலம்மை ஊதுகுழலைக் கீழே வைத்தாள். அத்தனை பேர் கூடி, அத்தனை அன்பாகப் பேசி, ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. வெள்ளைமேட்டில் இருப்பவர்களின் காலடியிலிருந்து வழியை உருவிக்கொண்டு வந்து, ஊருக்குள் வைத்துச் சாணம் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்துபோய் ஊர்க்கூட்டத்தைக் கூட்டவைத்தாள். அன்றே ஆட்கள் போய், தடத்தைத் திரும்பப் போட வேலியை எடுத்துத் தரவேண்டும் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் முறையிட்டார்கள்.

வருவாய் ஆய்வாளர் வந்தார். முதலில் வேலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு ஊருக்கு வந்தார். நாற்காலி போட்டு இளநீர் கொடுத்தார்கள்.

“பாத்தேன். அங்க தடம்னு ஒண்ணும் இல்லியே,” என்றார்.

“அங்க எப்புடி இருக்கும் சார்? நீங்க காலு வச்சிருக்கியளே, அதுதான்,” என்றாள் தைலம்மை.

அவர் காலைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். மடிப்பு மடிப்பாகக் கண்ணால் தொடர்ந்து கோயில்வரைக்கும் பார்த்தார். அவர் கெட்டவர் அல்லர். அதனால்தான் அவர் சொன்னது இன்னும் கசந்தது.

“அம்மா, பாதைன்னா போற எடத்துல கெடக்கணும். சுருட்டிக் கொண்டாந்து வீட்டுல வச்சா அது பாய். பாய்க்கு நான் என்ன செய்யமுடியும்?”

இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். தை பிறக்க அதிக நாள் இல்லை. தைலம்மை அன்றைக்குச் சாப்பிடவில்லை. காவலாளியைத் திட்டினாள், வெள்ளுடைக்காரனைத் திட்டினாள், ஆய்வாளரைத் திட்டினாள், முடிவில் தன் வண்டியை எட்டி உதைத்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இதனிடையே விடுதியில் வேறு விதமாகக் கதை ஓடிக்கொண்டிருந்தது. தடம் போனபின் அந்தக் கரையில் போக்கு என்பதே இல்லாமற்போயிற்று. விருந்தினர் காலையில் உலாவுக்குப் புறப்பட்டால் சக்கரம் அச்சுவரை புதைந்தது. இறங்கி நடந்தால் இராவணன்மீசை முள் காலில் ஏறியது. பகல் முழுதும் கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நேராக நடந்தவர்கள், மாலையில் விடுதியின் அடுக்களை வாசலில் வந்து நின்றார்கள். தலைமுடியெல்லாம் மணலோடு வந்து சண்டையிட்டார்கள். தடம் கிடந்த இடம் சும்மா கிடக்கிறதே என்று மேலாளர் அதன்மேல் கண்ணாடியால் ஓர் உணவுக்கூடம் எழுப்பி, உலாவின் குறையை விருந்தால் ஈடுசெய்யப் பார்த்தார். விருந்தினர் தின்றுவிட்டு, உலா எங்கே என்று கேட்டார்கள்.

போகியன்று காலையில் மேலாளர், அதே ஆய்வாளரையும் காவல்நிலையத்து ஏட்டையும் கூட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தார். தைலம்மையின் வாசலில் நின்று விரலை நீட்டினார்.

“அதோ கிடக்குது பாருங்க. எங்க இடத்துல இருந்து திருடிட்டு வந்த பாதை.”

ஊர் கூடிவிட்டது. தைலம்மை துடைப்பத்தைக் கீழே போடாமலே வெளியே வந்தாள்.

“என்னது? திரும்பச் சொல்லுங்க.”

“எங்க பாதை. திருட்டு.”

“ஏட்டய்யா, நல்லாக் கேட்டுக்கங்க. இந்த சார் அன்னைக்கு வந்து அங்க தடமே இல்லன்னாரு. அந்த சார் இன்னைக்கு வந்து தடத்தக் காணமுங்குறாரு. ரெண்டு பேரும் ஒரே ஜீப்புல வந்து எறங்குறாக. ஏறும்போது பேசிக்கிறலையா?”

கூட்டம் சிரித்தது. ஏட்டு மீசையைத் தடவி முகத்தை மூடிக்கொண்டார். ஆய்வாளர் முகம் சிவந்தது.

“திருட்டுன்னா அங்க இருந்துச்சுன்னு ஆகுது சார்,” என்று மேலாளரிடம் மெதுவாகச் சொன்னார்.

“இருந்துச்சுதான்! போர்டுலயே எழுதியிருக்கோமே! எனக்கு இன்னைக்கே அது திரும்ப அங்க வரணும். விருந்தாளிங்க காத்திருக்காங்க.”

“அது கெடந்தபடியே கெடக்கணுமா சார்?” என்று தைலம்மை கேட்டாள்.

“கிடந்தபடியே, கிடந்த இடத்துலயே!” என்றார் மேலாளர்.

“எழுதித் தரக்கூட வேணாம்,” என்றாள் அவள். “ஊரே கேட்டுருச்சு. ஏ செம்பாயி, வண்டியக் கவுத்துப் போடு.”

வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெண்கள் முறைவைத்துப் பெடலைச் சுற்ற, தடம் சந்துகளிலிருந்து புரண்டு வந்து சக்கரத்தில் ஏறியது. தாழம்புதர்த் திருப்பத்தைப் பிரித்து வாங்கிய இரண்டு வீட்டாரும் தத்தம் பாதியைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். தைலம்மை முனையை ஊர் எல்லையில் மிதித்து நிறுத்திவிட்டு ஏறி உட்கார்ந்தாள். பின்னால் ஊர்ப் பெண்கள் வண்டிகளிலும் காலாலுமாக, அவர்களுக்குப் பின்னால் ஆய்வாளரும் ஏட்டும் செருப்பைக் கையில் பிடித்தபடியாக, அந்த ஆண்டின் இரண்டாம் தடமிதி புறப்பட்டது. சக்கரம் சுற்றச் சுற்றத் தடம் அவிழ்ந்து, தான் கிடந்த பள்ளத்தில் தானே போய்ப் படுத்துக்கொண்டது.

வேலியருகே வந்ததும், நெருக்கியடித்த பெஞ்சில் உட்கார்ந்தவர் இடம் விடுவதுபோலக் கம்பிக்கால்கள் இரு பக்கமும் சாய்ந்தன. காவலாளி தொப்பியைக் கழற்றிவிட்டான். தோப்பைக் கடந்ததும் எதிரே கண்ணாடிக் கூடம் நின்றது. மேலாளர் முன்னால் ஓடிவந்து கையை விரித்தார்.

“இங்க வேண்டாம்! சுத்திப் போடுங்க! அந்தப் பக்கமா வளைச்சுப் போடுங்க!”

“வளைச்சுப் போட இது கோலமில்ல சார்,” என்றாள் தைலம்மை, மிதிப்பதை நிறுத்தாமல். “கெடந்தபடியே, கெடந்த எடத்துலயே. நீங்க சொன்னது. பாதைன்னா போற எடத்துல கெடக்கணும். அந்தா வர்ற சார் சொன்னது.”

ஆய்வாளர் கடலைப் பார்த்தபடி நின்றார்.

கண்ணாடி உடையவில்லை, விலகியது. மேசைகள் பாத்திரங்களோடு ஒதுங்கின. ஓர் அம்மையார் கரண்டியை வாயருகே வைத்தபடி கால்களைத் தூக்கிக்கொண்டார். தைலம்மையின் சக்கரம் பளிங்குத் தரையின் நடுவே மணலையும் ஆட்டுப் புழுக்கையையும் கிளிஞ்சலையும் இறக்கிக்கொண்டே போயிற்று. பின்னால் வந்த பெண்கள் ஒவ்வொருவரும் அழுந்த மிதித்தார்கள். சிலர் போனவழி திரும்பிவந்து, சரியாக ஒட்டவில்லை என்று இன்னொரு முறை மிதித்தார்கள். பொருமணல் வந்ததும் தைலம்மை இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். வெள்ளைமேட்டின் அடிவாரத்தில் சக்கரம் வெறுமையாயிற்று.

மழையில் கரைந்து ஓர் உள்ளங்கை உயரத்துக்கு ஆகிவிட்டிருந்த குவியலின் முன்னால் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெயர் சொல்லாமல், கணவனிடம் பேசுகிற பழைய குரலில் பேசினாள்.

“இந்தாருங்க. வழி போட்டாச்சு. நாளைக்கு வாங்க. நடுவுல ஒரு கண்ணாடி வீடு நிக்கும். அத வீடுன்னு நெனச்சு வெளியவே நின்னுறாதீக, நேரா உள்ள நொழஞ்சு வாங்க. எவனாச்சும் யாரு எவருன்னு கேட்டா நின்னு பதில் சொல்லிக்கிட்டு இருக்காதீக. சோறு ஆறிப்போகும்.”

சகர்பான் பீவி கதையை இவ்விடத்தில் முடித்து, ட்யூபைத் துடைத்தார்.

ஆற்றுக்கு வடக்கே சொல்கிறவர்களிடம் முடிவு வேறு. அங்கே தைலம்மை தடத்தைக் கரையில் போடவே இல்லை. ஆய்வாளர் சொன்ன ‘பாய்’ அவளுக்கு ஆறாமல், வண்டியை நேரே வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓட்டி, முன்வாசலில் தொடங்கிப் பின்வாசல்வரை அதை விரித்துவிட்டு வந்தாள். அங்கே மனுவோடு நுழைகிறவர்கள் எங்கும் நிற்கமுடியாமல் பின்வாசல் வழியே வெளியே வந்துவிடுவது அதனால்தான் என்கிறார்கள்.

தெற்குக் குப்பங்களில் சொல்லப்படும் வடிவம் மிகச் சிறியது. அதில் மேலாளர் ஊருக்கு வருவதில்லை, போகியும் வருவதில்லை. பெரும்பொங்கலன்று தைலம்மை இலை போட்டு, சோறு வைத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்; சோற்றில் எறும்பு ஏறுகிறது; அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவ்வடிவத்தைச் சொன்ன வலை தைக்கும் பெண் ஒருவரிடம், அப்புறம் என்று கேட்கப்பட்டது. அவர் ஊசியை நிறுத்தவில்லை.

“அப்புறமென்ன அப்புறம்? வேலி இன்னும் அங்கனதான் நிக்கிது. போயிப் பாத்துட்டு வந்து நீங்க சொல்லுங்க.”